எண்பது வயது வரைக்கும்

கனடாவிலிருந்து வந்து இறங்கிய என் மகன் வாகீசன், பயணக் களைப்புத் தீருமுன்னரே தெற்குப் பக்கத்து அறையைத் திறந்தான். உள்ளே கால் வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்றான்.

"என்னம்மா இது? கடை போடப் போறியளோ?"

"ஓம். நீதான் முதல் வியாபாரம். என்ன வேணும்?"

அவன் சிரிக்கவில்லை. எனக்கென்ன, நான் சிரித்தேன்.

அந்த அறையில் இருப்பதெல்லாம் என் சிவப்பு எம்.டி. 90 மோட்டார் சைக்கிளுக்கான உதிரிப்பாகங்கள். பவுடர் தடவிய ரயர்கள் கட்டிலில் படுத்திருக்கின்றன. பால்மா ரின்களில் பிளக், பல்பு, அறுந்த செயினைப் பொருத்தும் கொழுவிகள். பிஸ்டனும் றிங்கும் எண்ணெய்த் துணி சுற்றி மேசை லாச்சிக்குள். அலுமாரியில் என் கூறைச் சேலைக்குப் பக்கத்தில் புத்தம் புதுக் காபரேற்றர் ஒன்று. கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஏறி இறங்கியும், யாழ்ப்பாணத்தில் கடையை மூடுகிறவர்களிடம் கடைசி நாளில் போய் நின்றும் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. இந்த மொடல் இனி வராது. வராது என்று தெரிந்த சாமானை வாங்கி வைக்காமல் வேறு எதை வாங்கி வைப்பதாம்?

கால்நடை வைத்தியசாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். மாடுகளுக்கு ஊசி போடுவது, சினைப்படுத்துவது, வராத கன்றை இழுத்து எடுப்பது எல்லாம் என் பாடு. நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று வலிகாமத்து மாடுகளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. கன்று குறுக்கே நின்றால் எனக்குத்தான் போன் வருகிறது. என் வீட்டுக்காரர் நமசிவாயத்துக்கு உயிரோடு இருந்தவரை மோட்டார் சைக்கிள் ஓட வரவில்லை. நான் ஓட, பின்சீற்றில் குடையைப் பிடித்தபடி இருப்பார். எங்கள் ஊர் கொக்குவில் முழுக்கச் சிரித்தது. பிறகு அதற்கே அலுத்துப்போய் விட்டுவிட்டது.

வாகீசனுக்கு என்மேல் கோபமில்லை, பயம். இந்த மாசியில் தண்டவாளம் கடக்கும்போது சறுக்கி விழுந்தேன். முழங்கால் உரசியது, அவ்வளவுதான். நான் எழும்பிச் சேலையைத் தட்டுமுன் யாரோ ஒரு புண்ணியவான் ரொறன்ரோவுக்குச் செய்தி அனுப்பிவிட்டான். என்னைக் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் கதை, முன்பெல்லாம் எப்போதாவது வருவது, அன்றிலிருந்து ஒரே பாட்டாகிவிட்டது. அவன் கேட்கும்போதெல்லாம் "பாப்பம்" என்பேன். சொல்லிவிட்டு அந்தக் கிழமையே போய் ஏதாவதொரு சாமான் வாங்கி வருவேன். இந்த ஊரில் பிறந்தவனுக்கு, அம்மா "பாப்பம்" என்றால் என்ன அர்த்தம் என்று விளங்க வேண்டாமா?

அவன் வந்த நாலாம் நாள் காலை அளவெட்டியிலிருந்து முத்துக்குமாரு போன் எடுத்தார். மாடு விடியத் தொடங்கி முக்குகிறதாம், கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே வந்திருக்கிறதாம். பையைக் கட்டிக்கொண்டு போய் மோட்டார் சைக்கிளை உதைத்தேன். சத்தமில்லை. இன்னொரு முறை உதைத்தேன். குனிந்து பார்த்தால் பிளக் வயர் அநாதையாகத் தொங்குகிறது. பிளக்கைக் காணவில்லை.

விறாந்தையில் வாகீசன் தேத்தண்ணீர் குடித்தபடி போனுக்குள் தலையை விட்டிருந்தான்.

"பிளக் எங்கை?"

"ஓட்டோ பிடிச்சுத் தாறன், அதிலை போங்கோ."

"பிளக் எங்கை எண்டு கேட்டனான்."

"அம்மா, உங்களுக்கு அறுபத்திரண்டு வயசு."

"வயசை ஒருதரும் களவெடுக்கேல்லை. பிளக்கைத்தான் எடுத்திருக்கினம்."

அறைக்குள் போனேன், ரின்னைத் திறந்தேன், புதுப் பிளக் ஒன்றை எடுத்து வந்து பூட்டினேன். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. அவன் வாயைத் திறந்தபடி நின்றான்.

"ரின்னுக்குள்ளை இன்னும் கிடக்கு. நீ ஆறுதலாக் களவெடு," என்று சொல்லிவிட்டுக் கேற்றைத் தாண்டினேன். அளவெட்டியில் பிறந்தது நாகு, பெண் கன்று. தாயும் பிள்ளையும் சுகம்.

ஆனால் அன்று அவன் ஒன்றை விளங்கிக்கொண்டான். மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகம் என் பேரில் இருக்கிறது. நான் கையெழுத்து வைக்காமல் அதை யாரும் அசைக்க முடியாது. உதிரிப்பாகங்களுக்குப் புத்தகம் இல்லை. அறையை வெறுமையாக்கினால் வண்டி தன்பாட்டில் ஒருநாள் நிற்கும், அன்றைக்கு அம்மாவும் நிற்பாள். என் பிள்ளைக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. என்னுடைய மூளைதானே.

இரவுச் சாப்பாட்டில் விஷயத்தைப் போட்டான். கொழும்பில் பழைய மோட்டார் சைக்கிள் சாமான் வாங்கி விற்கும் சிமியோன் என்பவர் திங்கட்கிழமை சின்ன லொறியோடு வருகிறார். அறையில் உள்ளதெல்லாம் அவருக்கு.

"நான் வாக்குக் குடுத்திட்டன் அம்மா."

"ஆற்றை சாமானுக்கு ஆர் வாக்குக் குடுக்கிறது?"

"நீங்கள் எங்கையாவது றோட்டிலை கிடப்பியள். நான் பிளேன் ஏறி வாறதுக்கிடையிலை..." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அவன் படுகிற பயம் பொய்யில்லை. அதற்காக, அவன் அங்கே நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று நான் இங்கே என் காலை வெட்டிக் கொடுக்க முடியுமா? அந்த அறை போனால், யாராவது வந்து கூட்டிக்கொண்டு போனால்தான் நான் கேற்றுக்கு வெளியே. அப்படி ஒரு சீவியம் எனக்கு வேண்டாம்.

திங்கட்கிழமையை அவன் போனில் பார்த்துத்தான் குறித்தான். சுவரில் தொங்கும் கலண்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கு நவராத்திரி தொடக்கம் என்று தெரிந்திருக்கும். எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

திங்கள் காலை அவன் ரொறன்ரோ நேரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நான் தலை தோய்ந்து, அறையைக் கழுவி, நடுவில் வாழையிலை போட்டு நெல்லைப் பரப்பிக் கும்பம் வைத்தேன். மாவிலை, தேங்காய், பக்கத்தில் நவதானியம் விதைத்த தட்டு, பின்னால் சரஸ்வதி படம். வழக்கமாகச் சாமியறையில் வைக்கிற கும்பம்தான். இந்த வருடம் அம்பாளுக்கு இடமாற்றம். பிஸ்டன்களையும் காபரேற்றரையும் செயின்களையும் சுற்றிவர அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கும்பம் வைத்துவிட்டால் விஜயதசமி வரைக்கும் ஒன்றையும் அசைக்கக் கூடாது. வாகீசனின் பயணமோ விஜயதசமிக்கு முதல்நாள். மோட்டார் சைக்கிளை மட்டும் வெளியே விட்டேன். மாடுகள் நவராத்திரி பார்த்துக் கன்று போடுவதில்லை.

சிமியோன் வந்தார். பாசையூர்க் கிறிஸ்தவர், கொழும்பில் கடை. அறை வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் வேதக்காரன், தம்பி," என்று வாகீசனிடம் சொன்னார். "எண்டாலும் கும்பம் வைச்ச இடத்திலை கை வைக்க மாட்டன். என்ரை லொறி திரும்பிப் போகவும் வேணும்."

"அம்மா!" வாகீசன் கத்தினான். "நீங்கள் வேணுமெண்டு செய்தனீங்கள்!"

"அம்பாளுக்கு முன்னாலை கத்தாதை. விஜயதசமி முடிய வரச் சொல்லு."

"நான் அதுக்கு முதல் போயிடுவன்!"

"எனக்குத் தெரியும்."

சிமியோன் சிரிப்பை அடக்க இருமினார். பிறகு வாசலில் நின்றபடியே எட்டி எட்டிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் வியாபாரம் போய் வேறொன்று வந்தது.

"எல்லாம் வைச்சிருக்கிறியள் அம்மா. எஞ்சின்தான் ஒண்டு இல்லை."

"உங்களிட்டை இருக்கோ?"

"கொழும்பிலை ஒண்டு கிடக்கு."

"அடுத்த லொறியிலை போட்டு விடுங்கோ."

வாங்க வந்த வீட்டில் ஓர் எஞ்சினை விற்றுவிட்டு, கடலையும் தேத்தண்ணீரும் முடித்துக்கொண்டு அவர் போனார். வாகீசன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் என் வழக்கப்படி காலையில் மாடுகளுக்குப் போய், பின்னேரம் வந்து பூசை செய்தேன்.

பயணத்துக்கு முதல்நாள் பின்னேரப் பூசைக்கு அவனாகவே வந்து இருந்தான். நவதானியம் விரல் நீளத்துக்கு முளைத்திருந்தது. சுற்றி இருந்தவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஒரு ரின்னில் நின்றான்.

"செயின் கொழுவி மட்டும் ஏன் இவ்வளவு?"

"சண்டைக்குள்ளை இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்குப் போனது ஞாபகம் இருக்கோ?"

"மழை. சனம். வேறை ஒண்டும் இல்லை."

"உனக்கு அப்ப நாலு வயசு. அப்பா முன்னாலை மூட்டைகளோடை போயிட்டார். நீ சீற்றிலை. நாவற்குழிப் பாலத்துக்கு இஞ்சாலை செயின் அறுந்தது. ஒரு கொழுவி இருந்திருந்தால் கொழுவிக்கொண்டு போயிருப்பன். இல்லை. அந்தச் சனத்துக்குள்ளை, அந்த மழைக்குள்ளை, உன்னை வைச்சுத் தள்ளிக்கொண்டு போனனான். நீ பசிக்குது, பசிக்குது எண்டு அழுதுகொண்டு வந்தனி. இனி ஒரு சாமான் இல்லை எண்டு நான் நடுறோட்டிலை நிக்கிறேல்லை எண்டு அண்டைக்கு முடிவெடுத்தனான்."

அவன் அந்த ரின்னைத் தொடப் போய், கும்பத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான்.

"இதெல்லாம் எவ்வளவு காலத்துக்குக் காணும்?"

"எனக்கு எண்பது வயசு வரைக்கும்."

கணக்கு அவனுக்கு விளங்கிவிட்டது.

"அப்ப நீங்கள் ஒருநாளும் வாற எண்ணம் இல்லை."

"இல்லை, அப்பன்."

அங்கே எனக்கென்று ஓர் அறைக்கு மஞ்சள் பெயின்ற் அடித்து வீடியோவில் காட்டியவன் அவன். அழுதான். நானும் அழுதேன், நான் ஒன்றும் கல்லில்லை. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

முகத்தைத் துடைத்துவிட்டுக் காற்சட்டைப் பைக்குள் கைவிட்டு, களவெடுத்த பிளக்கை எடுத்தான். கும்பத்துக்குப் பக்கத்தில் வாழையிலை ஓரத்தில் வைத்தான்.

"இதையும் சேர்த்து வையுங்கோ."

"பழசு. துடைச்சால் ஓடும்."

"எண்பதுக்குப் பிறகு?"

"சிமியோன்ரை எஞ்சின் வருகுதல்லோ."

அடுத்த நாள் காலை அவனை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போக வான் வண்டி வந்தது. பெட்டிகளை ஏற்றிவிட்டு நான் மோட்டார் சைக்கிளை உதைத்தேன். வானுக்குப் பின்னால் இல்லை, முன்னால் போனேன். மாசியில் நான் விழுந்த அதே தண்டவாளம் வந்தது. கண்ணாடிக்குள்ளால் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். வேகத்தைக் குறைத்து, சில்லை நேராகப் பிடித்து, இரண்டு தண்டவாளத்தையும் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றேன். அவன் நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் அவ்வளவு மெதுவாகக் கடந்தேன்.