அக்கரையில் ஒரு கை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அந்த மாதம் முழுக்க வந்த கோபத்துக்குக் காரணம் ஓர் உள்ளான், தண்ணீரோரம் மேயும் சின்னப் பறவை. ஓரிக்கைப் பாலாற்றின் அக்கரை மணலில் அது நிற்கிறது. காலில் ஆராய்ச்சிக்காரர்கள் மாட்டிவிட்ட பட்டை, பட்டையில் எழுத்து. அதைப் படித்துவிட்டால் எந்த ஊர்ப் பறவை என்று கண்டுபிடித்துவிடலாம். பறவை பார்க்க வைத்திருக்கும் தொலைநோக்கியை, என் சின்ன ஸ்கோப்பை, எவ்வளவு திருகினாலும் எழுத்து கலங்கலாகத்தான் தெரிந்தது. மூன்று ஞாயிறாக இதே கூத்து.

பெரிய ஸ்கோப் வாங்கியே தீருவது என்று கிளம்பினேன். ஏனாத்தூர்க் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற தணிகாசலம் சார், தன்னிடம் இருந்ததை எடுத்துக் கொடுத்தார்.

"ஒரு வாரம் வச்சுப் பாரு ஜெபகுமாரு, புடிச்சா எடுத்துக்கோ. ஆனா இது நட்சத்திரம் பாக்கறதுப்பா, எல்லாம் தலகீழா தெரியும். வானத்துல மேல இன்னா, கீழ இன்னா? பழகிக்குவ."

ஞாயிறு காலை ஆற்றங்கரையில் பழையதையும் பெரியதையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினேன். ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் ஒரு குண்டூசிகூட வாங்குவதில்லை. வடிவு அண்ணியும் வந்திருந்தார். வாராவாரம் என் ஸ்கூட்டரில் ஏறிக்கொள்வார், பறவைக்காக அல்ல. இரண்டாயிரத்து இருபத்தொன்றில் இதே ஆற்று வெள்ளத்தில் சிக்கிய மாட்டை அவிழ்க்க இறங்கிய என் அண்ணன் சாமுவேல் கரையேறவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. நினைவு ஆராதனை வைக்கலாம் என்று பாஸ்டர் சொன்னபோது, "நாளைக்கு ஆளு வந்து நின்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?" என்று அண்ணி ஒரே போடாகப் போட்டார்.

பெரியதில் கண்ணை வைத்தேன். உள்ளான்கள் வானத்தில் நடந்தன. எழுத்து பளிச்சென்று தெரிந்தது, தலைகீழாக.

"அட போங்கய்யா! இத வச்சிக்கினு நான் சிரசாசனமா பண்ண முடியும்?"

அண்ணி சிரித்தார். "தள்ளுப்பா, நான் பாக்கறேன்."

குனிந்தவரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஜெபா, உங்கண்ணன்பா."

"இன்னா அண்ணி சொல்றீங்க?"

"அதோ நிக்கிறாரு, லுங்கிய மடிச்சுக் கட்டிக்கினு. தலகீழா நின்னா எனக்கு அடையாளம் தெரியாமப் பூடுமா?"

நிமிர்ந்து அக்கரையைப் பார்த்தேன். மணலும் வெயிலும்தான். சற்றுமுன் மேய்ந்துகொண்டிருந்த உள்ளான்களில் ஒன்றுகூட இல்லை.

"கூப்பிடறாரு," என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினார் அண்ணி.

உங்களுக்கு என்ன பைத்தியமா என்று கேட்கும் முன் நாமும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று குனிந்தேன். அண்ணன்தான். ஒரு நாள்கூட வயது கூடவில்லை. சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் அந்தக் கவிழ்ந்த படத்தில் மேலே மேலே ஏறியது. கை உயர்ந்திருந்தது. விரல்களைக் கீழே மடக்கி மடக்கி, வா, வா என்றார். சோறு போட்டாகிவிட்டது என்று என்னைக் கூப்பிடுவதும் இப்படித்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயமும்தான், பொய் சொல்வானேன்.

கண்ணை நம்ப முடியாமல் பக்கத்திலிருந்த பழைய ஸ்கோப்பில் பார்த்தேன். அதிலும் இருந்தார், நேராக, சின்னதாக. ஆனால் கை உயரவில்லை. இடுப்புக்குக் கீழே தொங்கிய கையின் விரல்களை மேல்நோக்கி உதறிக்கொண்டிருந்தார், கோழி விரட்டுவதுபோல. போ, போ.

அப்போதுதான் உறைத்தது. நம் ஊர்ப் பக்கம் வா என்றால் விரல்களை மேலிருந்து கீழே மடக்குவோம், போ என்றால் கீழிருந்து மேலே உதறுவோம். பெரிய ஸ்கோப் அவருடைய 'போ'வைக் கவிழ்த்து 'வா' ஆக்கிவிட்டது.

திரும்பினால், அண்ணி இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கிறார். இன்னும் நாலு எட்டு வைத்தால் மணல் அள்ளிய பள்ளம், இரண்டு ஆள் ஆழம்.

"அண்ணி! நில்லுங்க! அவரு வான்னு சொல்லல! அது தலகீழா காட்டுது! போன்னு சொல்றாரு, திரும்பிப் போன்னு!"

நின்றார். நான் விழுந்தடித்து ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். அவர் திமிறவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"நாலு வருசமா காத்துக்கினு கெடக்கேன்யா," என்று அக்கரையைப் பார்த்துக் கத்தினார். "போன்னா சொல்ற நீ?"

என் அண்ணனை அவர் ஒருமையில் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. கைத்தாங்கலாகக் கரைக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தேன். இரண்டு ஸ்கோப்பிலும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். உள்ளான்கள் திரும்பி வந்து மேய்ந்துகொண்டிருந்தன. வேறு யாரும் இல்லை.

பெரிய ஸ்கோப்பைக் கழற்றத் தொடங்கினேன். "இந்தச் சனியன இப்பவே சார் கையில குடுத்துட்டுத்தான் மறுவேலை."

ஈரப் புடவையோடு எழுந்துவந்து அண்ணி அதன்மேல் கை வைத்தார்.

"வேணாம்பா. இதையே எடுத்துக்கோ."

"அண்ணி!"

"இதுலதான் அவரு கூப்பிடறாரு."