தானாக விழுந்தாள் என்றார்கள்

மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்க, பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். அந்தப் பையை வாங்கி அப்படியே அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்று அவளுக்கு இருந்தது.

"என்னக்கா, வலி தேவலையா?" என்று கேட்டபடி எதிரில் உட்கார்ந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் கணவர் பக்கம் திரும்பிவிட்டார். "நான் கண்ணால பார்த்தேன் சார். ரோட்டுல ஒரு ஈ காக்கா கிடையாது. நான் பாட்டுக்கு கார்ல உட்கார்ந்து போனைப் பார்த்துட்டிருக்கேன். அக்கா வராங்க, லேசா ஆடறாங்க, தானா சாய்ஞ்சிட்டாங்க. வயசாகுதில்ல, பேலன்ஸ் போயிடும். நமக்கே தெரியாது."

"நீங்க கார் கதவைத் திறந்தீங்க. அது என் ஹேண்டில்பார்ல அடிச்சுது," என்றாள் அவள்.

"உங்களைத் தூக்கிவிடத்தானேக்கா திறந்தேன்?" அவர் சிரித்தார். குழந்தை பல்லைக் காட்ட மறுக்கும்போது சிரிக்கிற சிரிப்பு. "அதிர்ச்சியில எது முன்னாடி எது பின்னாடின்னு குழம்பிடும். சகஜம்தான்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்தபடி ஒரு ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். நார் ஒன்றுகூட இல்லாமல் சுத்தமாக உரித்து, ஒரு சுளையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

அவளுக்கு டிப்போவில் 'பட்டாசு' என்று பெயர். பாதி ஆயுளை நகரப் பேருந்தின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்தவள். பக்கக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே, பின்னால் வருகிறவன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறானா, சாப்பிட்டுவிட்டு வருகிறானா என்று சொல்லிவிடுவாள் என்று கண்டக்டர்கள் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான், நின்றுகொண்டிருந்த காருக்குப் பக்கத்தில் தானாகச் சாய்ந்தாள் என்றார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், குளிர்காலத்தைக் கழிக்கவென்று வெயிலடிக்கிற கடலோர ஊர் ஒன்றில் இருவருமாக அந்தச் சின்ன வீட்டை வாங்கியிருந்தார்கள். கீழே ஓர் அறையும் சமையலறையும், மேலே ஓர் அறையும் தெருவைப் பார்த்த பால்கனியும். ஒவ்வொரு வருடமும் வந்து திறந்ததும் குழாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டும். சர்க்கரை டப்பாவில் எறும்புகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். கட்டில் மேலும் நாற்காலிகள் மேலும் போர்த்திய பழைய போர்வைகளை உதறி மடித்த கையோடு அவள் சைக்கிளை வெளியே எடுத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, டயருக்குக் காற்றடித்துவிடுவாள். பெட்டியைத் திறப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

குளிர் ஊரில் மாடிப்படி ஏறவே முனகும் முழங்கால்கள் இங்கே வெயில் பட்டதும் சொன்ன பேச்சைக் கேட்டன. காலையில் மீன் சந்தை வரை ஒரு சுற்று, வழியில் ரொட்டி, காய்கறி. பிறகு கூடையில் கீரைக்கட்டு ஆட ஆட, தண்ணீர்த் தொட்டி மேட்டில் இறங்காமல் ஏறிக்காட்டுவாள். மேட்டின் உச்சியில் மூச்சு வாங்க நிற்கும்போது கடல் முழுவதும் தெரியும். வருடக்கணக்காக நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று, ஏறுகிறவர்கள் ஏறி இறங்குகிறவர்கள் இறங்கும்வரை காத்திருந்தவளுக்கு, யாரும் ஏறாத யாரும் இறங்காத ஒரு வண்டி கிடைத்திருந்தது.

அவள் கணவர் சைக்கிள் ஓட்டுவதில்லை. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். உட்கார்ந்தே பழகிய உடம்பு. காபியும் செய்தித்தாளுமாக பால்கனியில் இருப்பார். ஆனால் அன்று காலை அவள் விழுந்தபோது குளித்துக்கொண்டிருந்ததாகவும், சத்தம் கேட்டுத் துண்டோடு ஓடிவந்ததாகவும் சொன்னார். அவர் எதையும் பார்க்கவில்லையாம். தெருவில் வேறு யாரையும் அவளும் பார்க்கவில்லை. அவள் சொல், டாக்டர் சொல். இரண்டில் டாக்டர் சொல் ஊர் சுற்றி வந்தது.

மளிகைக்கடைக்காரம்மா அவளுக்கு முட்டைகளைத் தனியாகக் கட்டிக்கொடுத்தாள். "இனிமே நடந்தே வாங்கம்மா. டாக்டர் சொன்னாரு, உங்களுக்குத் தலைசுத்தல் இருக்காம்ல?"

"எனக்கு எந்தச் சுத்தலும் இல்ல. சுத்தி விடறது அவருதான்."

கடைக்காரம்மா 'பாவம்' என்பதுபோல் தலையை ஆட்டினாள். அந்தப் பாவம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மகள் தொலைபேசியில் அழுதாள். "அம்மா, ப்ளீஸ். இந்த வயசுல உனக்கு சைக்கிள் தேவையா? அப்பா, அதை முதல்ல தூக்கிப் பூட்டி வைங்க."

அவர் பூட்டியும் வைத்துவிட்டார். முன் சக்கரத்து ரிம்மில் கோட்டம் விழுந்த சைக்கிள், பின்கட்டு அறையில் உடைந்த நாற்காலிக்கும் பெயிண்ட் டப்பாவுக்கும் நடுவே கிடந்தது. சாவி அவர் சட்டைப்பையில். "கொஞ்ச நாளைக்குத்தாம்மா," என்றார். அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கோபம் அவளுக்குப் புதிதில்லை. சாலையில் குறுக்கே புகுந்தவனைத் திட்டிவிட்டு அடுத்த நிறுத்தத்துக்குள் மறந்துபோகிற கோபம் அவளுடையது. இது வேறு மாதிரி இருந்தது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கூடவே இருந்தது. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பார்த்தாள். நல்ல கையைக் குழாய்க்குப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, விழுகிறேனா என்று பார்த்தாள். விழவில்லை. மறுநாளும் நின்று பார்த்தாள். ஒருவேளை டாக்டர் சொல்வதுதான் சரியோ? நாம்தான் ஆடினோமோ? கதவு பிறகுதான் திறந்ததோ? தன் கண்ணைத் தானே நம்பாத நிலைக்கு அவள் அதுவரை வந்ததே கிடையாது.

கட்டுப் போட்ட கையால் தலை வார முடியாது என்பதால் அவர்தான் வாரிவிட்டுக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் அவர் அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். சமைத்தார், துணி மடித்தார், அவள் சட்டைப் பித்தான்களைக் குனிந்து போட்டுவிட்டார். ஒரு மத்தியானம் சிக்கை மெல்ல எடுத்துக்கொண்டே, ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னார்:

"கையோட போச்சேன்னு சந்தோஷப்படு. பின்னால வந்த பால் வண்டிக்காரன் மட்டும் சட்டுனு ஒடிக்கலைன்னா, நினைச்சுப் பாரு."

அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"எந்தப் பால் வண்டி?"

சீப்பு நின்றது. "அதான்... டாக்டர் சொன்னாரே."

"டாக்டரா? ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லைன்னு இதே வீட்டுல உட்கார்ந்து சொன்னவரா?"

அவர் சீப்பிலிருந்த முடியை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார்.

"நீங்க குளிக்கல," என்றாள் அவள். "பால்கனியில இருந்தீங்க."

"இங்க பாரு, கோபப்படாம கேளு—"

"பார்த்தீங்களா, பார்க்கலையா?"

"பார்த்தேன்." குரல் பாதிதான் வந்தது. "அவர் திரும்பியே பார்க்கல. படக்குனு திறந்தாரு. நீ நேராத்தான் வந்தே."

நீ நேராகத்தான் வந்தாய். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பாதி வாரிய தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

"ஏன்?"

அவர் காரணங்களை எடுத்து வைத்தார். வீட்டுச் சாவி டாக்டரிடம்தான் இருக்கிறது. போன வருடம் குழாய் வெடித்து வீடு வெள்ளமானபோது ஆளைக் கூட்டிவந்து சரிபண்ணியது அவர்தான். நாம் இல்லாத மாதங்களில் அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? அவரைப் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் எப்படி இருப்பது?

"ஒரு குழாய்க்காக," என்றாள் அவள்.

"அது மட்டுமில்ல." அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "தினமும் நீ கிளம்பிப் போனதும் நான் பேப்பரா படிக்கிறேன்னு நினைச்சே? அந்தத் திருப்பத்தையே பார்த்துட்டிருப்பேன். நீ வர்ற வரைக்கும் காபி உள்ள இறங்காது. சொன்னா நீ கேட்கவா போறே? தானா விழுந்தேன்னு இருந்தா நீயே விட்டுடுவேன்னு நினைச்சேன். உன் நல்லதுக்குத்தான்."

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லணும். சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான். அதை விட்டுட்டு என்னை எனக்கே பைத்தியக்காரி ஆக்கினீங்க. பாத்ரூம்ல ஒத்தக்கால்ல நின்னு பார்த்துட்டிருந்தேன், தெரியுமா? என் மூளையை நானே சந்தேகப்பட்டுட்டு நின்னேன். நீங்க வெளிய உட்கார்ந்து துணி மடிச்சிட்டிருந்தீங்க!" அவள் குரல் தெருவரை கேட்டிருக்கும். "வேலையில இருந்த வரைக்கும் ஊரான் சொன்ன சாட்சியையெல்லாம் ஒரு எழுத்து விடாம எழுதினீங்களே. கட்டினவளுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரலையா?"

அவர் அழுதார். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லையே என்று வருத்தமும் வரவில்லை.

"எழுந்திரிங்க. போலாம்."

"எங்க?"

"பக்கத்து வீட்டுக்கு."

டாக்டர் வாசலில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பாதி வாரிய தலையோடு வருகிறவளையும், பின்னால் கண் சிவந்து வருகிறவரையும் பார்த்து இருவரும் நிமிர்ந்தார்கள்.

"சொல்லுங்க," என்றாள் அவள், கணவர் பக்கம் திரும்பி.

அவர் ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா."

"நான் பால்கனியில இருந்தேன் டாக்டர். நீங்க திரும்பிப் பார்க்காம கதவைத் திறந்தீங்க. அது ஹேண்டில்பார்ல பட்டுது. அப்புறம்தான் இவ விழுந்தா."

தண்ணீர் ஒரே செடியில் கொட்டி மண்ணைக் கரைத்து ஓடியது. டாக்டர் குழாயை மூடவில்லை. "சார், அன்னிக்கு நான் உங்களை நிமிர்ந்து பார்த்தேனே," என்றார். "நீங்களும் ஒண்ணும் சொல்லல. சரி, உங்களுக்கும் அதான் சௌகரியம் போலன்னு..."

ஆக இரண்டு பேருக்கும் தெரியும். அவள் தெருவில் முகம் குப்புறக் கிடந்தபோது, அவள் தலைக்கு மேலே இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

"பயந்துட்டேன்க்கா," என்றார் டாக்டர் இப்போது அவளிடம். "வேணும்னேவா செஞ்சேன்? நாம அக்கம்பக்கம். பேசி முடிச்சுக்கலாமே."

"கதவைத் திறந்தது தெரியாம செஞ்சது. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க கொண்டுவந்த ஆரஞ்சைத் தின்னுட்டு மறந்திருப்பேன். ஆனா எனக்குத் தலைசுத்தல்னு கடை கடையா சொன்னது? அது தெரிஞ்சு செஞ்சது. எங்கெங்க சொன்னீங்களோ அங்கெல்லாம் நீங்களே போய் மாத்திச் சொல்லணும்."

"நாளைக்கு—"

"என்கிட்டயும் தலைசுத்தல்னுதானே சொன்னீங்க?" என்றாள் படியிலிருந்த டாக்டர் மனைவி. பட்டாணித் தட்டைக் கீழே வைத்தாள். "நானும் மளிகைக்கடையில போய் அந்தம்மாவுக்குத் தலைசுத்தல்னு பரிதாபப்பட்டுட்டு வந்தேன். என் வாயால சொல்ல வெச்சுட்டீங்க."

டாக்டர் கடைசிவரை எங்கும் போகவில்லை. அவர் மனைவிதான் அன்று மாலையே மளிகைக்கடைக்குப் போய்த் தன் வாயால் மாற்றிச் சொன்னாள். டாக்டரிடமிருந்து வீட்டுச் சாவியைப் பட்டாசு திருப்பி வாங்கிக்கொண்டாள். அடுத்த வருடமும் குழாய் வெடித்தால் வெடிக்கட்டும். இரவு சாப்பாட்டுக்கு முன்னால் அவள் கணவர் மகளைத் தொலைபேசியில் அழைத்தார். அவள் சொல்லி இல்லை, தானாகவே. மறுமுனையில் மகள் கத்தியது அறை முழுவதும் கேட்டது. அவர் ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்மா, தப்புதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் காப்பாற்ற அவள் போனைக் கேட்டு வாங்கவில்லை. தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

கட்டுப் பிரித்த மறுநாள் சைக்கிளைக் கடைக்கு உருட்டிக்கொண்டுபோய்க் கோட்டம் எடுத்து வந்தாள். கை மெலிந்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. பிரேக்கைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள், பிடித்தது. அவர் வாசல்வரை வந்தார். இத்தனை நாளும் வேண்டியதற்கு மட்டும்தான் அவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

"இருக்கட்டும்," என்றாள். அந்த நாட்களில் அவரிடம் அவள் சொன்னவற்றுள் அதுதான் கொஞ்சம் மென்மையானது.

தெருவோரம் வரிசையாகக் கார்கள் நின்றன. முதல் காரை நெருங்கியதும் கால் தானாக மிதிப்பதை நிறுத்தியது. வெயிலில் மின்னும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. இந்தப் பயம் அவளுடையது இல்லை. இரண்டு பேர் சேர்ந்து அவளுக்குள் வைத்துவிட்டுப் போனது. அதை நினைத்ததும் கோபம் திரும்பவும் குபீரென்று ஏறியது. சைக்கிளைக் கார்களை விட்டு விலக்கி, தெருவுக்கு நட்டநடுவே கொண்டுவந்தாள். பின்னால் ஒரு வண்டிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான்.

"அடிடா, நல்லா அடி!" என்று திரும்பிப் பார்க்காமல் கத்திவிட்டு, அவனுக்கு ஒரு அங்குலமும் விடாமல், தண்ணீர்த் தொட்டி மேட்டை நோக்கி எழுந்து நின்று மிதித்தாள்.