பட்டனைக் கட்டியவனின் சாட்சி

1

இந்தக் கதை ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்காக ஆரம்பித்தது. மறைப்பானேன்? ஆம்பூரில் எங்கள் தெருமுனைச் சபை வெள்ளிவிழா மலர் போடுகிறது. மனந்திரும்பிய ஐந்து பேரின் சாட்சிகளை ‘நல்ல தமிழில்’ எழுதித் தரச் சொல்லிப் பாஸ்டர் என்னிடம் வந்தார். கூலி அந்தப் பிரியாணி. நான் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எழுந்திருக்கிறவன். ஞானஸ்நானம் வாங்கியதோடு சரி.

“பரவால்ல பிரதர். ஆண்டவர் கழுதையைக்கூட உபயோகப்படுத்தியிருக்கார்” என்றார் பாஸ்டர்.

கழுதை ஒப்புக்கொண்டது.

நாலு சாட்சிகள் நாலு நாளில் முடிந்தன. ஐந்தாவது ஆள் ஏசுபாதம். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறவர். வயது நாற்பத்து நாலு, விரல் பத்து. (விரலை ஏன் எண்ணினேன் என்பது மூன்றாம் பகுதியில் தெரியும். அவசரப்படாதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: ‘சாராயத்தின் பிடியில் சிக்கி, சாத்தானின் கையில் விளையாட்டுப் பொருளாகி—’

நிறுத்தினேன்.

“எந்தக் கடையில குடிப்பீங்க?”

“அது... பஸ் ஸ்டாண்டு பக்கம்ண்ணா.”

“இன்னா சரக்கு?”

யோசித்தார். “பீர்.”

ஏசுபாதம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, மச்சான் கல்யாணத்தில், அரை பாட்டில் பீர் குடித்துப் பந்தியிலேயே வாந்தி எடுத்தவர். ஊரே பார்த்தது.

இரண்டாவது தொடக்கம்: ‘மனைவியை அடிக்காத நாளே கிடையாது—’

அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஜெபமணி எட்டிப் பார்த்தார். “இவரா? என்னையா? கரப்பான்பூச்சி அடிக்கணும்னாலே என்னைத்தான் கூப்புடுவாரு.”

சபையில் இது ஒரு வியாதி. பாவம் பெரிதாக இருந்தால்தான் ‘அல்லேலூயா’ சத்தமாக வரும். சில்லறைப் பாவம் செய்தவன் மைக்கைப் பிடித்தால் முன்வரிசையே கொட்டாவி விடும். அதனால் நல்ல மனிதர்கள் எல்லாம் குடிகாரன், ரவுடி என்று இரவல் பாவங்களைப் போட்டுக்கொண்டு மேடை ஏறுகிறார்கள். ஆனால் ஏசுபாதம் அந்த ரகமில்லை என்று எனக்குப் பட்டது. அவர் கைதட்டலுக்காகப் பொய் சொல்லவில்லை. எதையோ மூடுவதற்காகச் சொன்னார்.

3

“உண்மையில இன்னாதான் பண்ணீங்க?” என்று கேட்டேன்.

அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, “அது எழுத வேணாம்ண்ணா. அதை ஆண்டவர் மன்னிச்சிட்டாரு” என்றார். வற்புறுத்திக் கேட்டதும் சொன்னார்.

தோல் வெட்டும் மெஷினில் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மேலிருக்கும் இரும்புப் பாளம் இறங்கி, தோல்மேல் வைத்த அச்சுக் கத்தியை அழுத்தி வெட்டும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் பாளத்துக்கு அடியில் விரல் இருக்க முடியாது அல்லவா, அதற்காக. ஆனால் டார்கெட் என்று ஒன்று இருக்கிறதே! ஒரு பட்டனின் மேல் தோல் துண்டை வைத்து டேப் சுற்றிக் கட்டிவிட்டால், ஒரு கை மிச்சம். வேலை பறக்கும். சூப்பர்வைசர் பார்க்காதபோது எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம். ஷிப்ட் முடியும்போது அவிழ்த்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஏசுபாதம் அவிழ்க்க மறந்துவிட்டார். அடுத்த ஷிப்டுக்கு வந்த கவுஸ் பாஷா வலது கையால் கத்தியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, இடது கை தெரியாமல் இன்னொரு பட்டனில் பட்டது. இரண்டு விரல்.

என்கொயரி நடந்தது. டேப் இருந்தது. கவுஸ் பாஷாவின் ஷிப்டு, ஆகவே கட்டியவர் கவுஸ் பாஷா. அவரைக் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார்கள். ஏசுபாதம் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஓர் உபவாசக் கூட்டத்தில் தரையில் விழுந்து அழுதார். பாஸ்டர் தலையில் கை வைத்தார். மன்னிப்புக் கிடைத்துவிட்டது.

அதே கம்பெனி கேட்டில் உட்கார்ந்திருக்கும் கவுஸ் பாஷாவுக்கு இந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை.

4

கவுஸ் பாஷாவிடம் சொல்ல வேண்டாமா என்று பாஸ்டரிடம் கேட்டேன். “ஆண்டவர் அதையெல்லாம் சமுத்திரத்தோட ஆழத்துல போட்டுட்டார் பிரதர். நாம ஏன் கிளறணும்?”

சமுத்திரத்தில் போட்டதால் ஏசுபாதம் தப்பித்தார். ஆம்பூர்க்காரன் பாவத்தைப் பாலாற்றில் போட்டிருந்தால் முழுகியிருக்காது. அங்கே தண்ணீர் ஏது?

5

கவுஸ் பாஷாவை நான் பார்க்காமலே எழுதியிருந்தேன்: ‘அவர் கண்களில் ஆறு வருடத்துக் கோபம்—’

நேரில் போனேன். அந்தக் கண்களில் கோபம் இல்லை, வாசிப்புக் கண்ணாடிதான் இருந்தது. மூன்று விரலால் பேனா பிடித்து லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தார்.

“விரல் எப்படிப் போச்சு பாய்?”

“என் கொழுப்பு சார். டார்கெட்டுக்கு ஆசைப்பட்டு பட்டனை நானே கட்டிட்டேன்.”

“கட்டினது ஞாபகம் இருக்கா?”

“அன்னிக்கு நடந்தது ஒண்ணுமே நெனப்புல இல்ல. தெனமும் கட்றதுதானே, அன்னிக்கும் கட்டியிருப்பேன். அல்லா குடுத்த கைய நானே பாழாக்கிக்கினேன். ஒவ்வொரு ஜும்மாவும் தவ்பா செய்றேன், செஞ்ச தப்புக்கு மன்னிப்பு கேக்கறேன். அல்லா மன்னிச்சிருப்பான். வீட்டுக்காரி சைராதான் மன்னிக்கல. ‘அவசரக் குடுக்கை’ன்னு தெனம் பேஜார் பண்றா.” சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் குடிக்காத சாராயத்துக்கு மனந்திரும்புகிறார். இன்னொருவர் கட்டாத பட்டனுக்கு மனந்திரும்புகிறார். நடந்த பாவத்துக்கு மட்டும் விரல் போனவரிடம் மனந்திரும்ப ஆளில்லை. கோபம் கோபமாக வந்தது. பாதி ஏசுபாதத்தின் மேல், பாதி ஆண்டவர் மேல்.

6

முடிவு (அ), பாஸ்டர் கேட்டது: இருவரும் கட்டித் தழுவுகிறார்கள், ஆலயமணி ஒலிக்கிறது. (எங்கள் சபையில் மணியே கிடையாது, ஸ்பீக்கர்தான்.)

முடிவு (ஆ), என் எழுத்தாள நண்பர்களுக்குப் பிடிப்பது: அதே மெஷினில் ஏசுபாதத்தின் விரலும் போகிறது. எழுதிப் பார்த்தேன். ‘அந்தக் கத்தி அவருக்காகவே காத்திருந்ததுபோல—’ சீ! எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

நடந்தது இதுதான். கவுஸ் பாஷா சொன்னதை ஏசுபாதத்திடம் அப்படியே சொன்னேன். அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பாய் மன்னிப்பு கேக்கறாரா? நான் செஞ்சதுக்கா?”

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குத் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார்.

“பாய், அன்னிக்குப் பட்டனைக் கட்டினது நான்.”

கவுஸ் பாஷா கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆறு வருஷம்டா” என்றார் மெதுவாக. “ஆறு வருஷமா நான் செஞ்ச தவ்பால்லாம் யாருக்குடா போச்சு?”

“தெரியல பாய்.”

“நீ யார்கிட்ட மன்னிப்பு கேட்டே?”

“ஆண்டவர்கிட்ட. மன்னிச்சிட்டாருன்னு பாஸ்டர் சொன்னாரு.”

“வெரல் யாருது?”

“உங்களுது.”

“அப்போ உங்க ஆண்டவருக்கு இன்னா அவசரம்? என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?”

(இந்தக் கேள்வியைப் பாஸ்டரிடம் கொண்டுபோனேன். மலரில் பக்கம் இல்லை என்றார்.)

“மன்னிச்சிடுங்க பாய்.”

“மொதல்ல ஆபீஸ்ல எழுதிக் குடு. அப்புறம் என் வீட்டுக்குப் போய் சைராகிட்ட சொல்லு.”

“சொல்றேன். மன்னிச்சிடுங்க.”

“இன்னிக்கு முடியாது. நாளைக்கு வா.”

7

எழுதிக் கொடுத்தார். ஏசுபாதத்தை மெஷினிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். அந்தப் பத்து விரலும் இப்போது அட்டைப்பெட்டி மடிக்கின்றன. சைரா திட்டும் ஆளை மாற்றிக்கொண்டார். வெள்ளிவிழா மலர் நாலு சாட்சிகளோடு வந்துவிட்டது. ஐந்தாவது சாட்சிக்கான பக்கத்தில் பாஸ்டர் புன்னகைக்கிறார்.

ஏசுபாதம் தினமும் காலை ஏழரைக்குக் கேட்டில் போய் நிற்கிறார். கவுஸ் பாஷா தினமும், “இன்னிக்கு மனசு வர்ல. நாளைக்கு வா” என்கிறார். நாற்பத்தோரு நாளாயிற்று. ஜெபமணிக்குப் பொறுக்கவில்லை. “ஆண்டவரே ஒரே ராத்திரில மன்னிச்சாரு, இந்த பாய்க்கு இன்னா?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். “ஆண்டவருக்கு விரல் போகலையே” என்றேன். சிலுவையில் ஆணியடித்த கையை நினைத்துக்கொண்டு உடனே நாக்கைக் கடித்தேன். ஜெபமணி மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

இன்று காலை ஏசுபாதம் ஓட்டமும் நடையுமாக என் வீட்டுக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

“அண்ணா, இன்னிக்கு ‘நாளைக்கு வா’ன்னு சொல்லல.”

“பின்னே?”

“‘டீ குடிச்சியா’ன்னு கேட்டாரு. நான் இல்லன்னேன். அவர் டம்ளர்லேர்ந்து பாதிய பிளாஸ்க் மூடியில ஊத்திக் குடுத்தாரு. வேற ஒண்ணும் பேசல. ஏண்ணா, இது மன்னிப்பாண்ணா?”

பிரியாணி தின்று செரித்து ஒரு மாதமாகிறது. எனக்குத் தெரியவில்லை. கேட்டவர் அழுதுகொண்டே நின்றதால் ‘ஆமாம்’ என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அது நான் சொல்ல வேண்டிய வார்த்தை இல்லை.

கடைசி வரி இது: ‘மறுநாள் காலை ஏழரை மணிக்குக் கவுஸ் பாஷா—’

மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பாய் இன்னும் சொல்லவில்லை.