சகலை மாட்டிய லைட்

வாரக்கணக்கில் நான் ஒரு சைக்கிள் லைட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். என் சகலை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த இடத்தில், கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிறவள். வீட்டிலிருந்து ஸ்டேஷன் தூரம் என்பதால் மடக்கு சைக்கிள் வைத்திருக்கிறாள். மடக்கினால்தான் ரயிலில் ஏற்ற முடியும். மடக்காமல் போனால் வாசலிலேயே மறித்துவிடுவார்கள். வேலை முடிந்து திரும்பும்போது இருட்டிவிடும், அதனால் லைட் வேண்டும். அதை வாங்கித் தர வேண்டியவன், கட்டிய புருஷன், நான். அதுவும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். வெளிச்சத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு லைட் எதிரில் வருகிறவன் கண்ணைக் குத்தும், இன்னொன்று மழையில் நனைந்தால் போச்சு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தேன். பொறுப்பானவன் அப்படித்தான் செய்வான்.

சகலை லிஃப்ட் மெக்கானிக். "இன்னுமா லைட் வாங்கல?" என்று சிரித்தபடி, தன் சைக்கிளில் இருந்த இரண்டையும் கழற்றி இவளுடையதில் மாட்டினார். கட்டைவிரல் அளவு லைட். முன்னால் வெள்ளை ஒன்று, சீட்டுக்கு அடியில் சிவப்பு ஒன்று. ரப்பர் பட்டையை இழுத்துக் கொக்கியில் மாட்டினால் முடிந்தது வேலை.

"இப்ப மடக்கிப் பாரும்மா."

மடக்கினாள். ஹேண்டில் தண்டு பாதியில் மடிந்து சக்கரத்தோடு ஒட்டிப் படுத்தது. லைட் எதிலும் இடிக்கவில்லை.

"அத்தான், பிரமாதம்!"

அப்படி ஒரு வார்த்தை அவளிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து நான் அவளுக்குக் கண்ணாடி செய்து கொடுத்தபோது, "பரவால்ல, தெரியுது" என்றாள்.

பின் லைட்டோடு எனக்குச் சண்டையில்லை. அது அவள் முதுகுக்குப் பின்னால் இருப்பது, அவள் பார்க்கப்போவதில்லை. முன் லைட் அப்படியா? தினமும் சகலையின் வெளிச்சத்தில்தான் அவள் என்னிடம் வந்து சேர வேண்டுமாம். நன்றாக இருக்கிறதே கதை.

மறுநாளே நான் ஒன்று வாங்கினேன். உள்ளங்கை அகலம், நல்ல கனம், உடம்பெல்லாம் இரும்பு.

"அத்தான் குடுத்ததே இருக்கே, எதுக்குங்க இன்னொண்ணு?"

"அது லைட்டா? மெழுகுவத்தி. நீ பள்ளத்துல விழுந்தா உங்க அத்தானா வந்து தூக்குவாரு?"

நான் கிளாம்பைத் தண்டில் வைத்து நட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன்.

"மடக்கிப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் பாக்காமயா?"

பார்க்கவில்லை. சகலை மடக்கிக் காட்டினார் என்பதற்காக நானும் மடக்கிக் காட்ட வேண்டுமா என்ற வீம்பு. போட்டோ எடுத்து அவருக்கும் அனுப்பினேன். "மடங்குதா சகலை?" என்று கேட்டிருந்தார். வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டு, "ஜோரா" என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தோற்றவன் வேறென்ன செய்வான்?

அதன் பிறகு சாயங்காலங்களில் ஜன்னலை விட்டு நகரமாட்டேன். தெருமுனையில் என் லைட் திரும்பும். எதிர்வீட்டுச் சுவர் பளிச்சென்று வெளுக்கும். அவள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்துக் கை காட்டுவாள். எனக்குத் தலை கால் புரியாது.

"வழியில யாராவது கேட்டாங்களா, லைட் எங்க வாங்கினதுன்னு?"

"ம், கேட்டாங்க" என்பாள், செருப்பைக் கழற்றியபடி.

ஒருநாள் தலைவலி என்று மாத்திரை வாங்க முனையிலிருக்கும் மருந்துக்கடைக்குப் போனேன். வெளியே வரும்போது கடையின் பக்கச் சுவரோரம் இவள் நின்றுகொண்டிருந்தாள், எனக்கு முதுகு காட்டியபடி. சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. முன்னால் சகலையின் லைட் எரிந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு, பைக்குள்ளிருந்து என் லைட்டை எடுத்தாள். பிறகு ஒரு ஸ்பேனர். ரொம்ப நாள் பழகிய கை. சீட்டின் மேல் போன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தது.

"நட்டு மறுபடி வழுக்குது அத்தான்."

"தினம் காலையில கழட்டி சாயங்காலம் மாட்டினா வழுக்காம என்ன செய்யும்? மடங்கலன்னு அவர்கிட்ட சொல்லிடேன்மா. மொத நாள் அதால ரயிலயே விட்டுட்டு நின்ன."

"வேணாம் அத்தான்."

"திட்டுவார்னு பயமா?"

"திட்டினா திருப்பித் திட்டிட்டுப் போயிடுவேன். அவர் மூஞ்சி தொங்கிப்போயிடும். அத என்னால பாக்க முடியாது. நீங்களும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ரயிலை விட்டுவிட்டு நின்றவள் அவருக்கா போன் செய்வாள்? என் மூஞ்சி தொங்குவதைப் பற்றி அவரிடமா பேசுவாள்? கோபத்தோடு ஒரு அடி எடுத்து வைத்தேன். அவள் கையிலிருந்து நட்டு நழுவி விழுந்தது. குனிந்து, மண்ணைத் துழாவி எடுத்து, புடவையில் துடைத்து, மறுபடி பொருத்தினாள். நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவள். எடுத்து வைத்த அடியைப் பின்னால் வைத்து, சந்து வழியாக வீட்டுக்கு ஓடினேன்.

என் லைட் முனையில் திரும்பியது. சுவர் வெளுத்தது. அவள் நிமிர்ந்து கை காட்டினாள். நானும் காட்டினேன்.

அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே வந்ததும் சொன்னேன்: "யோசிச்சுப் பாத்தேன். இந்த லைட்டு ரொம்ப கனம். உங்க அத்தான் குடுத்ததையே மாட்டிடலாம்."

"ஏங்க, நல்லாத்தானே இருக்கு?" என்று என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"கனம்னு சொல்றேன்ல."

ஸ்பேனர் எடுக்க நான் அலமாரிப் பக்கம் திரும்புவதற்குள், அவள் சட்டென்று கைப்பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கை அப்படியே நின்றது.

அது எப்படி உன் பையில் வந்தது என்று நான் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு, மூஞ்சியைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு, நட்டைத் திருக ஆரம்பித்தேன்.