ஐம்பது கிராம் ஏலக்காய்ப் பை

போடிநாயக்கனூரில் தொடங்கி மலைமேல் கடைசி ஏலத்தோட்டம் வரைக்கும், விரலின் எடை தெரிந்தவன் ஒரே ஒருவன்தான் பிறந்திருக்கிறான் என்று காசிமாயன் அறிவித்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த ஒருவன் யாரென்று யாரும் கேட்கவில்லை, அவனே சொன்னான். மாமா மொக்கச்சாமி சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். தையல் நிற்கவில்லை.

அது 1986, ஆனி மாதம். காசிமாயன் கல்லூரியை முடித்துவிட்டு, திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு கீபோர்டு வாசித்துவந்தான். மாமாவின் ஏலக்காய்க் கிட்டங்கியில் ஒரு மூலையை மூட்டைகளால் அடைத்து ஸ்டூடியோ என்று பெயர் வைத்திருந்தான். உள்ளே தும்மினால் வெளியே கேட்காது. அந்த வகையில் அது நல்ல ஸ்டூடியோ. ஒரு டேப் ரிக்கார்டர், ஒரு மைக், கலைந்துபோன குழுவிடம் வாங்கிய ஒரு சத்தப் பெட்டி. பெட்டியின் முதுகில் ஐந்து துளை உள்ள சாக்கெட். வேறொரு கீபோர்டை அதில் சொருகிக் கட்டையை அழுத்தினால் பெட்டி பாடும். அதற்கு மிடி என்று பெயர். சொருகத்தான் கீபோர்டு இல்லை, அவன் மேடைக் கீபோர்டில் அந்தச் சாக்கெட் கிடையாது.

மதுரையில் ஒரு ரிக்கார்டிங் தியேட்டரில் பியானோ வாசிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவன் போய் வாசித்துக் காட்டியிருந்தான். பல்லவி பறந்தது. சரணத்தில் சுண்டு விரல் படுத்துவிட்டது. மோதிர விரலும் துணைக்குப் படுத்தது. மேடைக் கீபோர்டின் கட்டை தொட்டால் இறங்கும், பியானோவின் கட்டை தள்ளினால்தான் இறங்கும். முதலாளி நல்ல மனிதர். விரலைத் தேற்றிக்கொண்டு ஆடி முப்பதாம் தேதி வா, அதற்குமேல் நான் காத்திருக்க முடியாது என்றார்.

மாமா இன்னொரு தேதியைச் சேர்த்தார். "வேலை கெடச்சா மதுரைக்குப் போ மாப்ளே. கெடைக்கலையா, ஆவணி ஒண்ணாந் தேதி ஜீப்புல ஏறு. மேல காய் எடுப்பு ஆரம்பிக்குது, எடை போட ஆளு வேணும்."

மேலே என்றால் எஸ்டேட். மழை, அட்டை, கரண்ட் இல்லாத வீடு. கரண்ட் இல்லாத இடத்தில் கீபோர்டு என்பது ஒரு பலகை.

ஆகவே அவனுக்குப் பியானோவைப் போலக் கட்டை கனக்கிற, மிடி சாக்கெட் உள்ள, கையிலிருக்கும் நாலாயிரத்துக்குள் அடங்குகிற ஒரு கீபோர்டு வேண்டும். கனத்தை எப்படி அறிவது? அதற்கும் அவனிடம் வழி இருந்தது. முதலாளிக்குக் கொடுக்கக் கொண்டுபோயிருந்த ஏலக்காயைப் பியானோ கட்டைமேல் காகிதத்தில் கொஞ்சங் கொஞ்சமாகக் கொட்டி, கட்டை தானாக இறங்கிய இடத்தில் நிறுத்தினான். ஊருக்கு வந்து நிறுத்தால் சரியாக ஐம்பது கிராம். மாமா மகள் சந்திரவல்லி அதைச் சின்னத் துணிப்பையில் தைத்துக் கொடுத்தாள். பையை, ஈரக்காயை மறுபடி உலர்த்தும் சூட்டறைச் சுவரில் ஆணியடித்துப் பத்திரமாக மாட்டிவைத்தான்.

சந்திரவல்லி தினமும் காலை ஆறு மணிக்குப் பால்சாமி சாரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகிறவள். அங்கே மிஷின் கட்டைகள் ரொம்பக் கெட்டி, லோயர் பரீட்சை பாஸாவதற்குள் தன் விரல் இரும்பாகிவிட்டது, வேண்டுமானால் மச்சானும் வந்து பழகலாம் என்று சொல்லிப் பார்த்தாள்.

"ஏ புள்ள, பன்னெண்டு மிஷினு ஒண்ணா வாசிச்சும் ஒரு ராகம் தேறாத கச்சேரி அது. அங்க போயி ஒக்காருறதுக்கு நான் எஸ்டேட்டுல அட்டைக்கு ரத்தம் குடுப்பேன்."

"அட்டைக்கும் ஒரு ருசி வேணும்ல மச்சான்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

ஆடி பதினைந்தாம் தேதி பையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். மதுரையில் முதல் கடையில் பையை வைத்ததும் கட்டை பொத்தென்று விழுந்தது. அது விளையாட்டுச் சாமான். இரண்டாவது கடையில் கட்டை பை வைத்ததும் தயங்கி இறங்கியது, அழகாக எழுந்தது. விலை நாற்பத்திரண்டாயிரம். காசிமாயன் அதை மரியாதையாகத் துடைத்து வைத்துவிட்டு வெளியே வந்தான்.

மூன்றாவது ஒரு பழைய சாமான் கடை. மூலையில் நீளமாக ஒன்று கிடந்தது. கடைக்காரர் வெறுத்துப்போயிருந்தார். எவனோ கப்பலில் கொண்டுவந்ததாம், தானாகச் சத்தமே போடாதாம், இன்னொரு பெட்டியோடு சேர்த்தால்தான் பேசுமாம், ஊமையை யார் வாங்குவார்கள், மூவாயிரத்து எண்ணூறு கொடுத்துத் தூக்கிப் போ என்றார். பின்னால் ஐந்து துளை. காசிமாயன் குனிந்து அதன்மேல் இருந்த தூசியைத் துடைத்தான். கட்டையை விரலால் அழுத்தினான். பியானோ போலத்தான் இருந்தது. ஆனால் விரல் பொய் சொல்லும், எடை சொல்லாது என்பது அவன் கொள்கை. பையை வைத்தான்.

கட்டை இறங்கவில்லை.

பக்கத்துக் கட்டையில் வைத்தான். அதுவும் இறங்கவில்லை. ஸ்பிரிங் இறுகிப்போன சரக்கு, இதில் பழகினால் விரல் கோணும் என்று கடைக்காரருக்கு ஐந்து நிமிடம் பாடம் எடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தான்.

மறுநாள் காலை மாமாவிடம் நடந்ததைச் சொன்னான். அவர் பையை வாங்கி, முகர்ந்து, காதருகே குலுக்கிப் பார்த்தார். உள்ளே காய் கலகலத்தது. தராசில் போட்டார். நாற்பத்தொரு கிராம்.

"எங்க மாட்டி வச்சிருந்த?"

சூட்டறையில் என்றான்.

"ஈரக்காயை நிறுத்துட்டு, ஒரு மாசம் காயவிட்டு, அதே எடைன்னு தூக்கிட்டுத் திரிஞ்சிருக்க. இந்த வீட்ல பொறந்த நாய்க்குட்டி கூட இதைச் செய்யாது மாப்ளே."

காசிமாயன் செருப்பை மாட்டியது பஸ்சுக்குள்தான். மதுரையில் கடை மூலை காலியாக இருந்தது. அன்று காலை கடை திறந்ததும் ஒரு நாடகக் குழு வாங்கிப்போய்விட்டது என்றார் கடைக்காரர். மேடையில் வைக்க ஒரு பியானோ வேண்டுமாம். சத்தம் வராதே என்று இவர் நேர்மையாக எச்சரித்தாராம். அதுதான் வேண்டும் என்றார்களாம். எந்த ஊர்க் குழு? தெரியாது. காசிமாயன் அங்கேயே ஒரு உடைந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அது விற்பனைக்கு என்று கடைக்காரர் எழுப்பினார்.

ஊர் திரும்பியபோது அவன் பாயில் ஒரு கம்பளி மடித்துவைக்கப்பட்டிருந்தது. மேலே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், அட்டைக்குப் போட ஒரு பொட்டலம் போயிலைப் பொடி. மாமா கோபக்காரர் அல்ல, ஏற்பாடானவர்.

பதினாலு நாள் இருந்தது. மேசை விளிம்பை அழுத்திப் பழகினான். மேசை இறங்கவில்லை, நகம் கறுத்தது. மேடைக் கீபோர்டின் கட்டைகள்மேல் கூழாங்கல் ஒட்டினான். வாசித்தால் கல் பறந்து மூட்டைகளில் விழுந்தது. கிட்டங்கிப் பெண்கள் காய்க்குள் கல் கிடப்பதாக மாமாவிடம் புகார் செய்தார்கள். பதிமூணு, பன்னெண்டு என்று நாள் இறங்கியது. சோற்றில் கை வைத்தாலும் சுண்டு விரலைத்தான் பார்த்தான். கண்ணை மூடினால் ஜீப்பு உறுமியது.

பதினோரு நாள் மிச்சமிருந்த அன்று காலை ஆறு மணிக்கு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கடைத்தெரு வழியே போகாமல் சுற்றுச் சந்து வழியே அவன் நடந்தான்.

பால்சாமி சார் பெயர் கேட்டு எழுதினார். எதற்குப் படிக்கிறாய் என்றார். சர்க்கார் வேலைக்கு என்றான். கடைசி வரிசையில் ஒரு பழைய மிஷினைக் காட்டி, தாள் செருகிக் கொடுத்து, ஏ எஸ் டி எஃப், பத்து வரி என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு காசிமாயன் பையை எடுத்தான். அன்று அதிகாலைதான் புதுக்காய் சேர்த்து ஐம்பதாக நிறுத்திருந்தான். ஏ கட்டையின்மேல் வைத்தான். கட்டை அசையவில்லை. பையைச் சட்டைக்குள் போட்டுவிட்டு இடது சுண்டு விரலால் அழுத்தினான். பாதி வரியில் விரல் படுத்தது. ஆள்காட்டி விரலை உதவிக்கு அனுப்பினான்.

"சுண்டு விரலை எடுக்காதீக மச்சான்" என்றது பக்கத்து மிஷின். சந்திரவல்லி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. "ஏ கட்டை அதுக்குத்தான் இருக்கு."

அவன் ஆள்காட்டி விரலைத் திரும்ப அழைத்துக்கொண்டான். சுண்டு விரலை மறுபடி ஏ மேல் வைத்தான். பன்னிரண்டு மிஷின்களும் ஒன்றாகத் தட்டின. ராகம் எதுவும் தேறவில்லை. வரி முடிந்து மிஷினின் மணி அடித்தது. காசிமாயன் உருளையை இரண்டாவது வரிக்குத் தள்ளினான்.