பாட்டுக்கு முன்னால் ஐந்து விநாடி

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஃபேனுக்குக் கீழே இடம் இருக்கிறது, ஒட்டி உட்கார்ந்தால் எல்லோரும் அடங்கலாம். இன்றைக்கு ஒரு சத்தத்தின் கதை சொல்கிறேன். சந்தோஷமான கதை இல்லை, அதை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். ஆனால் கடைசி வரை கேட்டவர்களை நான் வெறும் கையோடு அனுப்ப மாட்டேன்.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில், மெட்ரோ பாலத்துக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் எனக்குத் தெரிந்த சங்கமித்ரா என்று ஒருத்தி இருக்கிறாள். நாற்பதைத் தாண்டியவள். கூட இருப்பது தம்பி குணசேகர், அவளைவிட ஆறு வயது சின்னவன். இருவரும் கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளருக்குக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவர்கள். அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியபின் பெங்களூருக்கு வந்தார்கள். அப்பாவும் அம்மாவும் போனபிறகு அக்காவுக்குத் தம்பி, தம்பிக்கு அக்கா.

சங்கமித்ராவுக்கு வேலை பீன்யாவில், ரெக்கார்டு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில். இந்தக் காலத்தில் ரெக்கார்டை யார் வாங்குகிறார்கள் என்று கேட்பீர்கள். வாங்குகிறார்கள். நல்ல வேலையில் இருக்கும் பிள்ளைகள் ஆசை ஆசையாக வாங்கி, உறையைப் பிரித்து, முள்ளை வைத்துக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுத் திட்டவும் செய்கிறார்கள். ஒருவனுக்குப் போன தட்டு கண்ணாடி மாதிரி பாடும், அவன் நண்பனுக்குப் போன அதே தட்டு கரகரக்கும். ஒரே பாட்டு, ஒரே அச்சு, ஒரே மெஷின். அப்புறம் எப்படி இப்படி? அதுதான் இந்தக் கதை.

அந்த மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கறுப்புப் பிளாஸ்டிக்கை உருக்கி வடைபோல உருட்டி, இரண்டு அச்சுக்கு நடுவே வைப்பார்கள். ஹோஸ் வழியாக நீராவி வந்து அச்சைச் சூடாக்கும். மேல் அச்சு இறங்கி அழுத்தும். பிறகு குளிர்ந்த தண்ணீர் ஓடும். அரை நிமிடத்தில் தட்டு வெளியே வரும். அதை அங்கே எல்லோரும் தோசை என்பார்கள். சூடு போதாவிட்டால் பிளாஸ்டிக், அச்சிலுள்ள பாட்டுக் கோட்டின் அடிவரை இறங்காது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. முள்ளை வைத்தால்தான் துணி கிழிவதுபோல ஒரு சத்தம் வரும்.

அந்தச் சத்தத்தைப் பிடிப்பதுதான் சங்கமித்ராவின் வேலை. கண்ணாடி அறைக்குள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இருபத்தைந்து தட்டுக்கு ஒன்று என்று எடுத்துக் கேட்பாள். நன்றாக இருந்தால் சீட்டில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். கெட்டிருந்தால் ‘ஒதுக்கு’. ஒதுக்கினால் அந்த இருபத்தைந்தும் அரைவை மெஷினுக்குப் போய்த் தூளாகி, மறுபடி வடையாகும். அவள் கேட்ட தட்டை மட்டும் விற்க முடியாது. முள் பட்ட தட்டு அல்லவா? அது சீட்டோடு அலமாரியில் மூன்று மாதம் நிற்கும்.

சூப்பர்வைசர் உத்தமன் கிண்டல்காரர். கண்ணாடியைத் தட்டி, “டாக்டரம்மா, பேஷண்ட் பொழைப்பானா?” என்பார். அவள் நிமிராமல் தலையை மட்டும் ஆட்டுவாள்.

அந்த அழுத்தும் மெஷினில் நிற்பவன் குணசேகர். அவனை அங்கே சேர்த்தது அக்காதான். அதற்கு முன் அவன் குடித்தான். குடித்து இரண்டு வேலையை விட்டான். ஒரு தீபாவளிக்கு அவனை யஷ்வந்த்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்திலிருந்து ஆட்டோவில் தூக்கி வந்தாள். பிறகு ஒருநாள் அவனாகவே நிறுத்தினான். அவள் உத்தமனிடம் போய் நின்று கேட்டு வாங்கிய வேலை அது. கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. ஒரே மாதத்தில் மூன்று முறை ‘ஒதுக்கு’ வந்தால், மெஷினில் நின்ற ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மெஷினை யாரும் கேட்பதில்லை. ஆளைத்தான் கேட்பார்கள்.

போன வருஷம் ஆடி மாதம், தாலாட்டுப் பாட்டு ரெக்கார்டு ஒன்றுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. அம்மா ஒருத்தி மெல்லிய குரலில் பாடுவது. பாட்டு தொடங்குமுன் ஐந்து விநாடி வெறும் அமைதி. முதல் தேதி காலையில் கேட்ட தட்டு அருமையாக இருந்தது. மூன்றாம் தேதி மத்தியானத்துத் தட்டில், அந்த ஐந்து விநாடிக்குள் லேசாக ஒரு கிழிசல் கேட்டது. திரும்ப வைத்தாள். கிழிசல்தான். மறுநாள் காலைத் தட்டு சுத்தம். அன்று மத்தியானம் மறுபடி கிழிசல்.

இங்கேதான் கண்ணுகளா, அவள் மனசு ஒரு கணக்குப் போட்டது. காலையில் நன்றாகச் செய்கிறவன், சாப்பாட்டுக்குப் போய்வந்தபின் கெடுக்கிறான். சாப்பாட்டு நேரத்தில் அவன் மற்றவர்களோடு டீக்கடைக்குப் போவதில்லை; இருபது நிமிடம் காணாமல் போகிறான். வரும்போது வாயில் ஏலக்காய் மணக்கிறது. ஏலக்காய் எதை மறைக்க? குடித்துவிட்டு வருகிறான், கை அவசரப்படுகிறது, சூடு ஏறுமுன் அழுத்திவிடுகிறான். இப்படி முடிவு கட்டினாள்.

கேட்டிருக்கலாம். ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். கேட்டால் உடைந்து மறுபடி பிளாட்பாரத்துக்குப் போய்விடுவானோ என்று பயந்தாள். உத்தமனிடமும் சொல்லவில்லை. தங்கவயல் லைனில் ஒரு வழக்கம் உண்டு. சுரங்கத்துக்குள் தன்னோடு இறங்கியவன் என்ன தப்புச் செய்தாலும், அவன் பெயர் மேலே இருப்பவன் காதுக்குப் போகக்கூடாது. போனால் அந்த வீட்டோடு யாரும் தண்ணீர்கூடப் புழங்கமாட்டார்கள். வெளியாளுக்கே அப்படி என்றால், தம்பிக்கு?

சீட்டில் ‘சரி’ என்று எழுதினாள்.

பிறகு அடுத்தது. அதற்கடுத்தது. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை புத்தர் படத்துக்கு முன் விளக்கேற்றிப் பஞ்சசீலம் சொல்வார்கள். பொய் பேசாதிருப்பேன் என்று ஒரு வரி வருமல்லவா, அந்த இடத்தில் அவள் குரல் மட்டும் உள்ளே போய்விடும். குணசேகர் பக்கத்தில் நின்று சத்தமாகச் சொல்லுவான். மது தொடாதிருப்பேன் என்கிற கடைசி வரியை இன்னும் சத்தமாகச் சொல்லுவான். நடிக்கிறான் என்று அவள் நினைத்தாள்.

மெஷினிலிருந்து அவனே சில சமயம் சூடான தட்டைக் கொண்டுவந்து நீட்டுவான். “டீச்சர், தோசை பாஸா?” என்பான். அவள், “பாஸு, பாஸு, போடா” என்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள்.

பத்தொன்பதாம் தேதி காலைத் தட்டிலேயே கிழிசல் இருந்தது. அதற்கும் ‘சரி’ போட்டாள். காலையிலேயே தொடங்கிவிட்டானா என்று மட்டும் நினைத்தாள். பதினோரு மணிக்கு மெஷினுக்குப் பின்னாலிருந்த நீராவி ஹோஸ் வெடித்தது. ஹெட்போன் மாட்டியிருந்ததால் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. கண்ணாடி வெளுத்துப் போனதைத்தான் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள்தான் குணசேகருக்குப் பேச்சு வந்தது. முகத்தில் பாதியும் வலது கையும் கட்டுக்குள் இருந்தன. வலது கண் இனி இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா குனிந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி அதைக் கேட்டாள்.

“அன்னிக்கு நீ குடிச்சிருந்தியாடா?”

அவன் இடது கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். பிறகு, “குடிய உட்டு பதினாலு மாசம் ஆவுதுக்கா. நீயும் எண்ணிக்கினு இருக்கேன்னு நெனச்சேன்” என்றான்.

டீக்கடையை ஒட்டி ஒயின் ஷாப் இருக்கிறதாம். அந்தப் பக்கம் போகக்கூடாது என்றுதான் இரண்டு கிராஸ் தெரு தள்ளி இருக்கும் பார்க்கில் போய் உட்கார்ந்து வந்திருக்கிறான். குடிக்க ஆசை வந்தால் வாயில் போட்டு மெல்லத்தான் ஏலக்காய். அவள் தான் கேட்ட சத்தத்தை, எழுதிய பொய்யை, எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பப் பார்த்தான், முடியவில்லை.

“என்ன ஒரு வார்த்த கேட்ருக்கலாமேக்கா” என்றான். அவ்வளவுதான்.

ஹோஸ் உள்ளே நூல் நூலாகப் பிரிந்துகொண்டே இருந்திருக்கிறது. காலையில் குளிர்ந்து சுருங்கி இருக்கும், நீராவி ஒழுங்காகப் போகும். மத்தியானம் சூடேறி விரிசல் திறக்கும், நீராவி வழியிலேயே கசியும், அச்சுக்குச் சூடு போதாது. துணி சுற்றிய ஹோஸ் என்பதால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. பாய்லரில் அழுத்தம் காட்டும் முள்ளும் சரியாகவே நின்றது. அந்தக் கட்டிடத்தில் அதைச் சொன்னது தட்டு ஒன்றுதான். அதைக் கேட்ட காது அவளுடையது ஒன்றுதான்.

கம்பெனிக்காரர்கள் வேறு மாதிரி எழுதினார்கள். ஆள் அவசரத்தில் மெஷின் மூடியைத் திறந்தான், கவனக்குறைவு என்று. முதலாளி சஞ்சய் சின்ன வயதுக்காரர், குரலை உயர்த்தாதவர். அவளைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தபின் ஒன்று சொன்னார். “மெஷின்ல கோளாறு இருந்திருந்தா தட்டுல தெரிஞ்சிருக்கும்லம்மா. உங்க சீட்டு பூரா சரின்னுதானே இருக்கு?”

அவர் சொன்னது நியாயம். தம்பியைக் காப்பாற்ற எழுதிய சீட்டு ஒவ்வொன்றும் இப்போது தம்பிக்கு எதிரான சாட்சி. அவன் பேரில் கவனக்குறைவு என்று எழுதிவிட்டால், ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் கையுமாக இருப்பவனை இனி எந்த வாசலும் உள்ளே விடாது.

மறுநாள் அரசாங்கத்திலிருந்து விசாரிக்க ஆள் வருவதாக இருந்தது. அன்றைக்கே உத்தமன் தள்ளுவண்டியோடு கண்ணாடி அறைக்கு வந்தார். கிண்டல் எதுவும் இல்லை. அலமாரித் தட்டுகளை அரைவைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். இன்னும் மூன்று மாதம் ஆகவில்லையே என்று அவள் கேட்டாள்.

“சும்னே, வீணா கேள்வி கேக்காதம்மா. அதுல இருக்கறது உன் கையெழுத்து. போச்சுன்னா உனக்குத்தான் நல்லது.”

அவர் சொன்னதும் உண்மை. அவள் எழுந்து, தாலாட்டுத் தட்டுகளில் பதினொன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மீதியைக் காட்டினாள். உத்தமன் மீதியை வண்டியில் ஏற்றினார். பிறகு பதினொன்றையும் பார்க்காதவர்போல வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான்.

வந்த அதிகாரியின் பெயர் ஸ்ரீவித்யா. மெஷினைப் பார்த்தார், படம் எடுத்தார், வெடித்த ஹோஸைப் பையில் போட்டுக்கொண்டார். இது எத்தனை நாளாகப் பழுது என்று கேட்டதற்கு, அன்றைக்குத்தான் திடீரென்று என்றார்கள். அப்போது சங்கமித்ரா கண்ணாடி அறைக் கதவைத் திறந்து, அதிகாரியை ஐந்து நிமிடம் உள்ளே வரச் சொன்னாள். ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரைப் போட்டாள். முதலாளியும் வாசலில் வந்து நின்றார்.

பாட்டை அவள் போடவில்லை. பாட்டுக்கு முன்னால் இருக்கும் ஐந்து விநாடியை மட்டும் போட்டாள். ஒவ்வொரு தட்டின் தேதியையும் வேளையையும் வாசித்துவிட்டு முள்ளை வைத்தாள். முதல் தேதி காலை, அமைதி. மூன்றாம் தேதி மத்தியானம், நகத்தால் கீறியதுபோல. எட்டாம் தேதி காலை, அமைதி. எட்டாம் தேதி மத்தியானம், துணி கிழிந்தது. பதினைந்தாம் தேதி மத்தியானத்துக்கு வந்தபோது அதிகாரி ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். கடைசியாகப் பத்தொன்பதாம் தேதி காலைத் தட்டு. அதில் அமைதி என்பதே இல்லை. கிழிசலுக்குள்ளிருந்து அந்த அம்மா தாலாட்டைத் தொடங்கினாள். சங்கமித்ரா முள்ளை எடுத்துவிட்டாள்.

அதிகாரி சீட்டுகளைப் புரட்டினார். “இவ்வளவு கேட்டும் எல்லாத்துக்கும் சரின்னு போட்ருக்கீங்களே, ஏன்?”

“தம்பி குடிச்சிட்டு வர்றான்னு நெனச்சேன் மேடம். மெஷின நெனக்கல. அவனத்தான் நெனச்சேன்.”

அதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டாள். அன்று சாயங்காலமே அவள் வேலை போயிற்று, அவள் எதிர்பார்த்ததுதான். குணசேகர் பெயரிலிருந்து கவனக்குறைவு என்ற வார்த்தை நீங்க நாலு மாதம் பிடித்தது. நீங்கியது. கண் வரவில்லை. வலது கையில் மூன்று விரல் ஒன்றோடொன்று ஒட்டிப் போய்விட்டன.

இப்போது சங்கமித்ரா மல்லேஸ்வரத்தில் இரண்டு வீட்டில் சமையல் செய்கிறாள். குக்கர் சீறினால் விசில் வருமுன் அணைத்துவிடுகிறாளாம். பருப்பு வேகவில்லை என்று அந்த வீட்டம்மாக்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். குணசேகர் வீட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஞ்சசீலம் சொல்கிறார்கள். இப்போது அவள் எல்லா வரியையும் சொல்கிறாள். அவன்தான் உதட்டை மட்டும் அசைக்கிறான். மன்னித்தானா என்று நான் கேட்டேன். தெரியவில்லை, கேட்கப் பயமாக இருக்கிறது என்றாள். இதையாவது கேளடி என்றேன். போன ஞாயிறு வரை கேட்கவில்லை.

அவள் ‘சரி’ போட்ட அந்தத் தட்டுகள் ஊரெல்லாம் போய்விட்டன. எங்கோ ஒரு வீட்டில் குழந்தையைத் தூங்க வைக்க அதைப் போட்டு, என்னடா இது கரகரக்கிறது என்று யாரோ இந்நேரம் சலித்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, எழுந்திருங்கள், நேரமாகிறது. வெறும் கையோடு அனுப்ப மாட்டேன் என்றேனே, இந்தாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து காலையில் வேலைக்குப் போனவர்கள் போகும்போது இருந்த கண்ணோடும் கையோடும் சாயங்காலம் வாசல் ஏறட்டும். உங்கள் வீட்டில் யார் மேலாவது சந்தேகம் வந்தால், அதை அவர் முகத்தைப் பார்த்தே கேட்கும் தைரியம் உங்கள் நாக்குக்கு வரட்டும். நீங்கள் தூங்கும் அறையில் அமைதி என்பது அமைதியாகவே இருக்கட்டும், கண்ணுகளா. பார்த்துப் போங்கள்.