செலிந்தா மதினி கவிழ்க்க வேண்டிய கோப்பை

இத்தாலியின் வல்போலிசெல்லா மலைச்சரிவில் எங்களைவிடக் களைத்த குடும்பம் இன்னொன்று இருந்திருந்தால், இந்நேரம் அதற்குக் கல்லறை கட்டியிருப்பார்கள். திராட்சைத் தோட்டத்துக்கு நாங்கள் மூன்று பேர். என் மனைவியின் அக்கா செலிந்தா மதினி, அவளுடைய தம்பி எர்மெஸ், காலமான என் மனைவிக்குப் பதிலாக நான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். மூவருக்கும் சேர்த்து உருப்படியான முழங்கால் ஒன்றரை தேறும்.

நாங்கள் செய்யும் அமரோனே என்பது ஒயின் இல்லை, படுத்த படுக்கையான மாமியார். பறித்த திராட்சையை மச்சில் மூங்கில் தட்டிகளில் பரப்பி, குளிர்காலம் முழுக்கக் காயவைக்க வேண்டும். காற்று உலர்ந்து அடித்தால் ஜன்னலைத் திறக்க ஓடணும், பனிமூட்டம் ஏறினால் மூட ஓடணும். ஒருமுறை முற்றத்துப் பனிமூட்டத்தில் என் தொப்பியை மாட்டிவிட்டுப் போனேன். மறுநாளும் அங்கேயே தொங்கியது. அழுகிய பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மிச்சத்தைப் பிழிந்து பீப்பாயில் ஊற்றினால், அப்புறம் வருஷக்கணக்கில் காவல்.

அந்தக் காவல் முடிந்ததும், மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து நாங்கள் ருசி பார்ப்போம். என் மாமனார் வைத்த சட்டம் இது: இளையவரில் தொடங்கி ஒவ்வொருவராகப் பேசாமல் கடைசிச் சொட்டுவரை குடிக்கணும். பிடித்திருந்தால் கோப்பையை நிமிர்த்தி வைக்கலாம், பிடிக்காவிட்டால் வெள்ளை விரிப்பின்மேல் கவிழ்க்கலாம். ஒரே ஒரு கோப்பை கவிழ்ந்தாலும் வியாபாரியின் லாரி வந்து மொத்தத்தையும் சாதா ஒயினோடு கலக்க எடுத்துப் போய்விடும். எல்லாம் நிமிர்ந்து நின்றால் குடும்பப் பெயர் ஒட்டிய பாட்டிலுக்குப் போகும். கையால் நிரப்பி, கையால் ஒட்டி, பாதாளம்வரை இறங்கும் நிலவறைப் படிகளில் சுமந்து அடுக்கி முடிப்பதற்குள் கோடை போய்விடும்.

மதினிக்கு அந்தக் கோடை வேண்டியிருந்தது. ஆபானோவில் முழங்காலுக்குச் சூடான சேற்றுக் குளியல். ஒவ்வொரு வருஷமும் சொல்லி வைப்பாள், ஒவ்வொரு வருஷமும் ரத்து செய்வாள். இந்த முறை மாவு பிசைந்துகொண்டே என்னிடம் சொன்னாள்:

"எவ்வளவு நல்லா இருந்தாலும் கவிழ்த்துடப் போறேன் மாப்பிள்ளே. அப்பா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்தாலும் சரி."

நீங்க எதுக்குப் பாவத்தைச் சுமக்கணும், நானே கவிழ்க்கிறேன் என்றேன். எர்மெஸும் தனியாக அவளிடம் அதையே சொல்லியிருக்கிறான். என்னிடமும் சொன்னான். இப்படி மூன்று வீரர்கள் இருந்ததால், மூவருமே நிம்மதியாகத் தூங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை எர்மெஸ் முதலில் குடித்தான். கண்ணை மூடினான். திறக்க ஒரு பருவமே ஆனது. பிறகு மெதுவாகக் கோப்பையை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அடுத்தது நான். காய்ந்த செர்ரி, மழை பெய்த கல், என் கல்யாண நாள், எல்லாம் வரிசையாகத் தொண்டையில் இறங்கின. மதினிதான் கவிழ்க்கப் போகிறாளே என்று என் கையும் கோப்பையை நிமிர்த்தியே வைத்தது.

மதினி எங்கள் இருவரையும் சாணியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். எடுத்தாள், குடித்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. கோப்பையைத் தலைகீழாகத் திருப்பி, விரிப்புக்கு மேலே கொண்டுவந்தாள். ஆபானோவின் சேறு குமிழியிடும் சத்தம் எனக்கே கேட்டது.

விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது.

அது விழுவதற்குள் அவளுடைய மற்றக் கை பாய்ந்து, விரலில் ஏந்தி, வாயில் வைத்துவிட்டது. அவள் சொல்லி அந்தக் கை செய்யவில்லை. தன் விரலையே கொஞ்ச நேரம் வெறித்தாள், யாரோ ஊரான் விரல் மாதிரி.

எர்மெஸ் சட்டத்தை மறந்து வாயைத் திறந்தான். "நக்கிட்டுப் பிடிக்கலேன்னு சொல்லுவியாக்கா?"

"வாயை மூடு. உன்னை நம்பினேன் பாரு."

கோப்பையை நிமிர்த்தி வைத்தாள். நாற்காலியைப் பிடித்து எழுந்தபோது முழங்கால் காய்ந்த கொடி முறிவதுபோல் சத்தம் போட்டது.

"மாப்பிள்ளே, ஆபானோவுக்கு போன் போட்டு அடுத்த வருஷம் வர்றேன்னு சொல்லிடுங்க."

"அவங்களே நேத்து கூப்பிட்டாங்க மதினி. இந்த வருஷம் இன்னும் ரத்து செய்யலையே, உடம்பு ஏதும் சரியில்லையான்னு கேட்டாங்க."

அவள் நிலவறைச் சாவியை எடுத்துக்கொண்டு, காலி பாட்டில்கள் கழுவியிருக்கின்றனவா என்று பார்க்க, ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினாள்.